ஒரே ஒரு முரண்பாடு போதுமா?

இதுவரை கண்ட காக்கைகள் எல்லாம் கறுப்பு; ஆகவே எல்லாக் காக்கைகளும் கறுப்பு. இப்படிச் சிலவற்றைக் கண்டு எல்லாவற்றுக்கும் விதி வகுப்பதைத் தொகுத்தறிமுறை என்பர். இத்தகைய முடிவுகளுக்குத் தர்க்கத்தின் உத்தரவாதம் கிடையாது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் காட்டிவிட்டார்.

கார்ல் பாப்பர் 1934இல் வெளியிட்ட நூலில் வேறொரு வழி கூறினார். எத்தனை சான்றுகள் இருந்தாலும் ஒரு கோட்பாட்டை மெய்யென நிறுவ இயலாது. ஆனால் அதைப் பொய்யெனக் காட்ட ஒரு வெள்ளைக் காக்கை போதும். எனவே பொய்ப்பிக்க இடந்தருவதே விஞ்ஞானக் கோட்பாட்டின் இலக்கணம் என்றார். கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் விஞ்ஞானம் நடந்து வந்த வழி இதுதானா? வானவியல் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள்.

1781இல் யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நாளடைவில் அதன் பாதை, நியூட்டன் விதிப்படி போட்ட கணக்கிலிருந்து விலகியது. வெள்ளைக் காக்கை வந்துவிட்டது! ஆயினும் நியூட்டனை எவரும் கைவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத வேறொரு கோள் யுரேனஸை இழுக்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் லெவெரியே கணித்தார். 1846 செப்டம்பர் 23 அன்று, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது.

புதன் கோளின் பாதையிலும் ஒரு சிறு பிசகு இருந்தது. 1859இல் லெவெரியே அதே மருந்தைப் பரிந்துரைத்தார்: சூரியனுக்கருகே மற்றொரு கோள் இருக்கலாம். 'வல்கன்' என்று பெயர்கூட வைத்தாயிற்று. கோள்தான் அகப்படவில்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை அளவான அப்பிசகை 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கை விளக்கியது. இம்முறை திருத்தம் வேண்டியிருந்தது நியூட்டனின் விதிக்கே.

கணக்கு பிசகும்போது குற்றவாளி கோட்பாடா, அதனோடு சேர்ந்து வந்த அனுமானமா என்பதைச் சோதனை மட்டும் சொல்வதில்லை. பியர் துயெம் 1906இலேயே இதை எடுத்துரைத்தார். பாப்பரும் இதை அறியாதவரல்லர். கோட்பாட்டைக் காப்பாற்றக் கொண்டுவரும் அனுமானமும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றார். நியாயமான நிபந்தனைதான். ஆனால் நெப்டியூனைப் போலவே வல்கனும் அந்த நிபந்தனையை நிறைவு செய்ததே! வல்கன் அகப்படாதபோதும் வானவியலார் நியூட்டனை விடவில்லை. அதைவிடச் சிறந்த கோட்பாடு கையில் இல்லாததே காரணம். எந்த அனுமானம் நேர்மையானது என்பதைப் பாப்பரின் அளவுகோல் காட்டும். கோட்பாட்டை எப்போது கைவிடுவது என்பதைக் காட்டாது. அதுவே அதன் குறை.

இது பழங்கதை அன்று. கண்ணுக்குத் தெரியும் பொருள்களின் ஈர்ப்பைக் கொண்டு மட்டும் விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை விளக்க முடிவதில்லை. காணப்படாத கரும்பொருள் உண்டென்பர் பெரும்பாலோர். ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்பர் சிலர். இது நெப்டியூனா, வல்கனா? நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.