மூன்று முறை சொன்ன சொல்

விமரிசனம் எழுத வேண்டுமென்றால் நாவலையோ கவிதைத் தொகுதியையோதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி ஒன்றுமில்லை. ஒரு மாத காலமாக என் மேஜைமேல் கிடப்பது ஒரு சர்க்கார் அறிக்கை. 2010ஆம் வருஷம் மே 22ஆம் தேதி காலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. அதிலிருந்த 166 பேரில் 158 பேர் மாண்டார்கள். ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல் பி. என். கோகலே தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை இது.

நான் சம்பாஷணை எழுதிப் பிழைக்கிறவன். ஆகவே விமானி அறையின் பேச்சைப் பதிவு செய்த கருவி என்ன சொல்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். இரண்டு மணி ஐந்து நிமிஷம் பதிவாகியிருக்கிறது. பாத்திரங்கள் இரண்டே பேர். தலைமை விமானி செர்பியா தேசத்தவர். உதவி விமானி இந்தியர். முதல் ஒரு மணி நாற்பது நிமிஷம் அவர்களுக்குள் பேச்சே இல்லை. தலைமை விமானியின் குறட்டைதான் கேட்கிறது. தரையோடு பேச வேண்டியதை உதவி விமானி பேசிக்கொண்டு வருகிறார். எந்த நாடகாசிரியனும் முதல் அங்கத்தை இப்படி எழுதத் துணியமாட்டான்.

இந்த இடத்தில் அறிக்கையைப் பாராட்ட வேண்டும். தூங்கியவரை அது ஏசிவிட்டுப் போய்விடவில்லை. புறப்படுமுன் அவருக்குப் போதிய ஓய்வு நேரம் இருந்தது என்கிறது. கூடவே, உடம்பு இயற்கையாகத் தூக்கத்துக்குச் சாய்கிற பின்னிரவு வேளை அது என்பதையும், ஆழ்ந்து தூங்கி எழுந்தவனுக்குப் புத்தி தெளியச் சற்று நேரம் பிடிக்கும் என்பதையும் சொல்கிறது. ஓய்வு கொடுத்தது காகிதத்தின் கணக்கு. தூங்கியது உடம்பின் கணக்கு. இரண்டும் ஒன்றல்ல என்பதை நாம் இன்னும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் தரையிறக்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்து விதி செய்தார்கள். அதற்கேற்ற ஏற்பாடு இல்லாமல் 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. தளர்ந்தது விதிதான், அந்த நிறுவனத்துக்குத் தாற்காலிகமாக விலக்களித்தார்கள்.

அறிக்கைக்குத் திரும்புகிறேன். மங்களூரில் ராடார் பழுது. வழக்கத்தைவிடக் கிட்டத்தில் வந்த பிறகே இறங்க அனுமதி கிடைத்தது. விமானிகளும் இறக்கத்தைச் சரியாகத் திட்டமிடவில்லை. விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு வெகு மேலே இருந்தது. அப்போது உதவி விமானி பேசுகிறார்: இறங்க வேண்டாம், மேலே எழும்பிச் சுற்றி வருவோம் என்று. முதலில் கேள்வி போல, பிறகு அழுத்தமாக. மொத்தம் மூன்று முறை. இயந்திரமும் எச்சரித்துக்கொண்டே இருந்தது. இதற்கு நடுவில், சரியான பாதையில் வருகிறீர்களா என்று தரையிலிருந்து கேட்கிறார்கள். தலைவர் சொல்லியபடி, 'ஆம்' என்று பதில் சொல்வதும் அதே உதவி விமானிதான்! எட்டாயிரம் அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது.

சொன்னவர் விமானத்தைத் தாமே கையில் எடுத்துக்கொள்ளவில்லை. ஏன்? இந்தக் கேள்வி மதுரைக்காரனுக்குப் புரியாததல்ல.

வாலிப வயதில் ஒருமுறை சரக்கு லாரியில் தொற்றிக்கொண்டு திருநெல்வேலி போனேன். நடுநிசி. விருதுநகர் தாண்டியதும் டிரைவருக்குக் கண் செருக ஆரம்பித்தது. கிளீனர் பையன், "அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டுப் போவமா?" என்றான். பதில் இல்லை. "சாத்தூர்ல டீ நல்லா இருக்கும்ணே" என்றான். மூன்றாம் தடவையும் டீதான். டிரைவர் சிரித்துவிட்டார். "ஏன்டா, நான் தூங்குறேன்னு சொல்லத்தானே இம்புட்டுச் சுத்து?" என்று வண்டியை ஓரங்கட்டிப் படுத்துக்கொண்டார்.

பெரியவரிடம் 'நிறுத்து' என்று சொல்ல நம்மிடம் சொல் கிடையாது, டீ கேட்போம். ஒரே ஊர்க்காரர்களுக்குள் அது செல்லுபடியாயிற்று. கேட்கிறவன் டீயை டீ என்று எடுத்துக்கொண்டால் என்ன கதி? ஆகாயத்தில், இரண்டு தேசத்தார் இரவல் பாஷையில் பேசிக்கொள்ளும் இடத்தில், உறவு செய்கிற வேலையை விதிதான் செய்தாக வேண்டும்.

இங்கேதான் அறிக்கையின்மேல் எனக்குக் குறை. சூழ்நிலைக் காரணங்களில் கடைசியாக, 'அநேகமாக' என்ற சொல்லை முன்னால் போட்டு, ஒன்று வருகிறது: உதவி விமானி தாமே மேலே எழும்பலாமா என்பது பற்றிய உத்தரவுகள் தெளிவாக இல்லை, ஆகவே வாயால் சொன்னார், கையால் செய்யவில்லை. கதையின் உயிர்நிலை இதுதான். இதைக் கொண்டுபோய் வாலில் வைத்தால் படிக்கிறவன் தூங்கினவனை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வான்.

இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய வியாதியுமல்ல. 1977இல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிர் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அடித்துச் சொன்னார். அதற்குமேல் எவரும் பேசவில்லை. 1979இல் நாசா கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு, தலைவரை மறித்துப் பேசச் சின்னவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் மங்களூர்க்காரர் பேசாமலா இருந்தார்? 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டில், அதே நிறுவனத்தின் விமானம், உதவி விமானி மேலே எழும்பச் சொல்லியும் இறங்கி ஓடுபாதையைத் தாண்டிப் போயிற்று. விமானிகள் இருவரும் உட்பட 21 பேர் மாண்டார்கள். பத்து வருஷம் கழித்து அதே வசனம்!

சின்னவனுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது பாதி. அவன் சொன்னால் பெரியவன் கேட்டே ஆகவேண்டும், கேட்காவிட்டால் சின்னவன் செய்துவிடலாம் என்பது மறுபாதி. அந்த மறுபாதி இந்த அறிக்கையில் இருக்கிறது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மறுபதிப்பு ஒன்று போடுவார்களானால், அந்தக் கடைசி வாக்கியத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'அநேகமாக' என்ற சொல்லை அடித்துவிட்டால் இன்னும் உத்தமம்.