ஆர்டோரியஸின் முன்கதை: இடைவெளிகளின் வலிமையும் குறையும்

2011இல் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட 'டார்க் சோல்ஸ்' வீடியோ கேமில் ஆர்டோரியஸ் இறந்துபோனவன். க்வின் அரசனின் நான்கு மாவீரர்களில் ஒருவன். 'அபிஸ்' எனப்படும் இருட்பாழுக்குள் நடந்து சென்று மீண்டவன் என்று பெயர் பெற்றவன். அவன் கதையை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. ஒரு மோதிரத்தின் குறிப்பில் இரண்டு வரி, வாளின் குறிப்பில் இரண்டு வரி, காட்டில் ஒரு கல்லறை, அதைக் காக்கும் சிஃப் என்ற பெரிய ஓநாய். இவற்றைக் கோத்துக் கதையாக்கும் வேலை ஆடுபவருடையது. கற்பனை உலக விளையாட்டுகளில் வீரர்களின் முன்கதையைச் சொல்லும் முறைகளில் இதை மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன். ஆனால் இந்த முறையைக் கொண்டாடுபவர்கள் அதன் குறைகளையும் சேர்த்தே கொண்டாடிவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விளையாட்டின் இயக்குநர் ஹிடேடகா மியாசாகி, சிறுவயதில் தம் அறிவுக்கு எட்டாத ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் படித்ததாகவும், புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த வாசிப்பு அனுபவத்தையே அவர் விளையாட்டின் கட்டமைப்பாக மாற்றியிருக்கிறார். பாதிக் கதைதான் நம் கைக்கு வரும். மீதியை நாமே ஊகிக்க வேண்டும்.

இந்த முறையின் முதல் வலிமை, கதைத்துண்டுகள் ஆட்டத்தின் தேவைகளோடு பிணைந்திருப்பது. 'நான்கு அரசர்கள்' எனப்படும் எதிரிகளுடன் போரிட இருட்பாழுக்குள் இறங்கியாக வேண்டும். ஆர்டோரியஸின் மோதிரம் இல்லாமல் இறங்கினால் சாவுதான். மோதிரமோ சிஃபிடம் இருக்கிறது. ஆகவே, எசமானின் கல்லறையைக் காத்து நிற்கும் ஓநாயைக் கொல்லாமல் ஆட்டத்தை முடிக்க முடியாது. வாயில் வாளைக் கவ்விச் சண்டையிடும் சிஃப், உயிர் குறையும்போது நொண்டத் தொடங்குகிறது. அதன் விசுவாசத்தை விளக்க ஒரு வசனம்கூட இல்லை. நம் கை அடுத்த அடியை வீசத் தயங்குகிறதே, அந்தத் தயக்கத்தில்தான் முன்கதை வேலை செய்கிறது.

இரண்டாவது வலிமை இன்னும் ஆழமானது. 2012இல் வந்த 'ஆர்டோரியஸ் ஆஃப் தி அபிஸ்' என்ற கூடுதல் பகுதி நம்மைக் கடந்த காலத்துக்கு, ஊலசில் நாட்டுக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே நாம் காணும் ஆர்டோரியஸ் வென்றவன் இல்லை. இருள் அவனை விழுங்கிவிட்டது. அறிவு கலங்கி, ஊளையிட்டபடி நம் மீது பாய்கிறான். இடக்கை முறிந்து தொங்குகிறது. கையில் கேடயம் இல்லை. அந்தக் கேடயம் பின்னர் இருட்பாழின் அடியில் கிடைக்கிறது. சிஃபைக் காப்பாற்ற அதை அவன் விட்டுக்கொடுத்தான் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. இருளின் தலைவனான மேனஸை வீழ்த்துவது கடைசியில் நாம்தான். ஆனால் பல நூற்றாண்டுகள் கழித்து மக்கள் பேசும் கதையில் இருளை வென்றவன் ஆர்டோரியஸ்.

அவன் புகழ் வெறும் கட்டுக்கதை என்று, கல்லறைக் காட்டில் வாழும் அல்வினா என்ற பூனை மூல விளையாட்டிலேயே எச்சரிக்கிறது. கல்லறைப் பக்கம் நம்மை விடாமலிருக்கச் சொல்லும் பொய் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். உண்மை தெரியும்போதோ அவன் நம் மனத்தில் சிறுத்துப்போவதில்லை. தோற்கப்போகிறோம் என்ற நிலையிலும் தன் கேடயத்தை ஓநாய்க்குட்டிக்குத் தந்தவன், பொய்யான வெற்றியைச் சுமக்கும் வீரனைவிடப் பெரியவனாகிறான். முன்கதையில் இருந்த ஓட்டை கவனக்குறைவால் விழுந்தது அல்ல என்பது இங்கே விளங்குகிறது. புகழ்க்கதைகள் எதை மறைத்து வளர்கின்றன என்பதை அந்த ஓட்டையே காட்டுகிறது. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருந்தால் இந்தத் திறப்பு நிகழ்ந்திருக்காது.

குறைகளுக்கு வருவோம். ஊலசிலுக்குப் போகும் வழி அநியாயத்துக்கு மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏரியோரம் ஒரு பொன்னிறப் படிகப் பூதத்தை வீழ்த்தி, அதற்குள் சிறைப்பட்ட டஸ்க் இளவரசியை விடுவிக்க வேண்டும். பிறகு எங்கோ தொலைவில், டியூக்கின் நூலகத்தில், வேறொரு பூதத்திடமிருந்து உடைந்த பதக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். இப்படிச் செய்யச் சொல்லும் தெளிவான குறிப்பு ஏதும் இல்லை. ஊலசிலில் குட்டி சிஃபைக் காப்பாற்றிய பிறகு கல்லறைக்குப் போனால், ஓநாய் நம்மை அடையாளம் கண்டுகொண்டு, துயரத்தோடு ஊளையிட்டுவிட்டுத்தான் வாளை எடுக்கும். ஆட்டத்தின் மிக உருக்கமான காட்சிகளில் ஒன்று அது. ஆனால் கல்லறைக்குச் செல்லும் வழியின் கதவைத் திறக்கும் சின்னத்தைக் கொல்லன் ஆண்ட்ரேயிடம் ஆட்டத்தின் நாணயமான சோல்ஸ் 20,000 கொடுத்து வெகுமுன்பே வாங்கிவிட முடியும். அப்படிப் போனவர்களுக்கு அந்தக் காட்சி கைநழுவிவிடும். இங்கே ஆடுபவரின் கற்பனைக்கு வேலை எதுவும் வைக்கப்படவில்லை. ஊலசிலின் கதவு பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு குறை மனம் பற்றியது. ஆர்டோரியஸ் என்ன செய்தான் என்று தெரிகிறது. என்ன நினைத்தான் என்று தெரிவதில்லை. 2002இல் வந்த 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டின் ஆர்தஸை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நோய் பரவிய ஸ்ட்ராத்ஹோம் நகரத்து மக்கள் பிணப்படையாக மாறுவதற்கு முன் அவர்களைக் கொன்றுவிட இளவரசன் ஆர்தஸ் முடிவெடுக்கிறான். அவனோடு இருந்த ஊத்தரும் ஜெய்னாவும் மறுத்து விலகுகிறார்கள். அந்தக் கொலைகளை நம் கையாலேயே நடத்துகிறோம். சாபம் படிந்த வாளை அவன் எடுப்பதும், தந்தையைக் கொல்வதும் படிப்படியாக நம் கண்முன் நடக்கின்றன. கதை நேரடியாகச் சொல்லப்படுவதால்தான் அந்த மனம் சரியும் ஒவ்வொரு படியும் துலங்குகிறது. ஆர்டோரியஸ் எந்தக் கணத்தில் உடைந்தான் என்பதை நாம் உணரவே முடியாது. அவன் மறைவுக்காகத் துக்கம் காக்கும் தோழி கியரனின் வலியும் சில வசனங்களோடு நின்றுவிடுகிறது. துண்டுகளால் நிகழ்வுகளைக் கட்டலாம்; ஒரு மனத்தின் மாற்றத்தைக் கட்டுவது கடினம்.

இந்த இடத்தில்தான் திறனாய்வு கறாராக இருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதெல்லாம் ஆழம் என்ற நம்பிக்கை, படைப்பாளிக்குச் சோம்பலை அனுமதிக்கிறது. எழுதப்படாத இடங்களை ரசிகர்கள் அன்போடு நிரப்பிக்கொடுக்கிறார்கள்; அந்த உழைப்பின் பெருமை விளையாட்டின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஓர் இடைவெளியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: அதை நிரப்புவதற்கான தடயங்கள் ஆட்டத்துக்குள் இருக்கின்றனவா? நிரப்பிய பின் முன்பு பார்த்ததன் பொருள் மாறுகிறதா? முறிந்த கையும் தொலைந்த கேடயமும் இந்தச் சோதனையில் முழுமையாக வெல்கின்றன. ஊலசிலின் வாசலும் கியரனின் மௌனமும் தோற்கின்றன.

ஆர்டோரியஸின் முன்கதையை முன்மாதிரியாகக் கொள்பவர்கள் அதன் சிக்கனத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. விடுபட்ட ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் முழுக்கதையையும் அறிந்த ஒரு படைப்பாளி இருக்க வேண்டும். தேடி வருகிறவருக்கு எட்டும் தொலைவில் அதை வைக்கும் நேர்மையும் அவருக்கு வேண்டும்.