பிரயாண நூல்களும் வழித்துணையும்

தமிழில் பிரயாண நூல்களுக்குப் பஞ்சமில்லை. அந்நூல்களில் மனிதர்களுக்குத்தான் பஞ்சம். விமானம் ஏறிய நேரம், கோபுரத்தின் உயரம், காப்பியின் விலை, ஊர்ச் சாப்பாடு கிடைக்காமற் பட்ட அவஸ்தை ஆகிய இவையெல்லாம் தவறாமல் இருக்கும். உடன் பிரயாணஞ் செய்தவன் யார், அந்த வழியில் தமக்கு முன் போனவர் யார் என்ற விசாரணை மட்டும் இராது. இக்குறை சிறிதென்று நேயர்கள் நினைக்கலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஏனென்பதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

இவ்விஷயத்தில் நமக்கு ஓர் அளவுகோல் உண்டு. 1940இல் வெளிவந்த ‘உலகம் சுற்றும் தமிழ’னை எழுதிய ஏ. கே. செட்டியாரே அவ்வளவுகோல். கோட்டையூரில் பிறந்து, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்கவேண்டுமென்று எண்ணி, அதற்காகக் கண்டங்களைச் சுற்றி ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருளைத் தேடிச் சேர்த்தவர். இத்தனை செய்தவர் தம்மைப்பற்றி எழுத நேரும்போது கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார். கப்பலில் எதிரே உட்கார்ந்தவன், ஹோட்டல் பணியாள், வழி சொன்ன கிழவர் ஆகியோர்தாம் அவர் பக்கங்களில் பேசுவர். வாக்கியம் சிறியது, பரிகாசம் அதனினும் சிறியது. கட்டடங்களை அவர் காணாமலில்லை. ஆனால் கட்டடத்தைக் காவல் காப்பவனையும் கண்டார். அவரிடம் நமக்குக் குறையொன்றும் உண்டு. தம்மை ஒளிப்பதில் அவர் மிகையாகப் போய்விட்டார். களைப்பும் கோபமும் கொண்ட செட்டியாரை நாம் அவ்வளவாகச் சந்திப்பதில்லை. தம் முகத்தையே பக்கந்தோறும் காட்டும் இக்காலப் பிரயாணிகளைப் படித்தபின் அக்குறையும் குணமாகவே தெரிகிறது.

நிற்க. பினாங்கில் சூலியா வீதியிலும் லவ் லேனிலும் ஒரு மாலைப்பொழுது நடந்தால், முதுகில் மூட்டை சுமந்து, நகரத்துக்கு நகரம் கூட்டமாய்ச் செல்லும் வெளிநாட்டு வாலிபர்களைக் காணலாம். டோனி வீலரும் அவர் மனைவி மொரீனும் சிங்கப்பூரில் தங்கி எழுதி 1975இல் வெளியிட்ட ‘சௌத் ஈஸ்ட் ஏஷியா ஆன் எ ஷூஸ்ட்ரிங்’ என்ற வழிகாட்டி நூலும் அதன் பின்வந்தவைகளும் அவர்கள் பாதையை வகுத்துக் கொடுத்தன. அந்த வீதியின் பெயரோ சூலியாக்கள் என்றழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்களுடையது. 1926 முதல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்குமாக ‘ரஜுலா’ கப்பல் நெடுங்காலம் ஓடியது. அதன் மேல்தளத்தில் பாயும் தகரப்பெட்டியுமாக ஆயிரக்கணக்கில் படுத்து வந்தார்களே நம் முன்னோர், அவர்களும் குறைந்த செலவில் கூட்டமாய்ப் பிரயாணஞ் செய்தவர்கள்தாம். அவர்களுக்கு ஒரு வழிகாட்டி நூலுமில்லை. அவர்கள் எழுதிய பிரயாண நூலையும் நாம் இதுவரை கண்டதில்லை.

யாமும் ஒருமுறை அந்த வாலிபர்களைப்போல் மூட்டை கட்டினோம். தோட்டத்துக் கிராணியாகிய யான், ஒரு பள்ளி ஆசிரியர், கடைக் கணக்கர் ஒருவர், சீன நண்பர் ஒருவர் ஆக நால்வர். பட்டர்வொர்த்தில் ரயிலேறிப் பாடாங் பெசாரில் எல்லை தாண்டி, ஹாட்யாய் வழியே பாங்காக், அங்கிருந்து காஞ்சனபுரி. வண்டி விடியற்காலையில் பான்போங் நிலையத்தைக் கடந்தபோது நால்வரும் உறக்கம். காஞ்சனபுரியில் குவாய் நதிப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஊர் திரும்பி யான் எழுதிய கட்டுரையில் பாலம் இருந்தது, நதி இருந்தது, மீன் வறுவலின் சுவைகூட இருந்தது. மேலே பிறரைப்பற்றிச் சொன்ன குற்றமெல்லாம் அக்கட்டுரைக்கும் பொருந்தும். ஆங்கிலப் பள்ளியில் படித்து ஆங்கில வழிகாட்டியைக் கையில் வைத்துப் பார்த்தவனுக்கு, அது காட்டிய மட்டும்தான் தெரிந்தது.

அதைப் படித்துவிட்டு எங்கள் தோட்டத்து மூதாட்டி ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். “சயாம் ரயிலுக்கா போய்ட்டு வந்தே? எங்க சித்தப்பன் போனது அங்கதானே, தம்பி” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

1942-43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டத் தமிழர்கள் சரக்கு வண்டிகளில் அடைத்துக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களை இறக்கிக் காட்டுக்குள் நடத்திய இடங்களில் ஒன்றுதான் யாம் உறங்கிக் கழித்த பான்போங். வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தோர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர் சுமார் 180,000 என்றும், மாண்டவர் 90,000 அளவில் என்றும் மதிப்பிடுகிறார்கள். காலராவும் பட்டினியும் அடியும் கொன்றன. கைதிகளின் அதிகாரிகள் ஒளித்து வைத்தேனும் பெயர்ப்பட்டியல் காத்தார்கள். ஆகையால் காஞ்சனபுரி யுத்தக் கல்லறையில் கல்லுக்குக் கல் பெயருண்டு. கூலிகளுக்கு அத்தகைய பதிவேடு வைப்பார் இல்லை. தோண்டியெடுத்த எலும்புகளைச் சேர்த்தடக்கிய நினைவிடம் ஒன்று அவ்வூர்ப் பௌத்த ஆலயத்தில் இருக்கிறது. யாம் அதன் பக்கம் போகவேயில்லை.

இங்கேதான் இலக்கியத்தின் பொறுப்பு வருகிறது. குவாய் நதிப் பாலத்தை உலகறியச் செய்த 1952ஆம் வருஷத்து நாவலை எழுதிய பியேர் பூல், யுத்தத்திற்கு முன் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். தமிழ்த் தொழிலாளியின் முகம் அவருக்குத் தெரியாததன்று. ஆயினும் அவர் கதையும், 1957இல் அதைவைத்து எடுத்த படமும் வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சுற்றியே ஓடுகின்றன. படம் எடுக்கப்பட்டதும் சயாமிலன்று, இலங்கையில். உல்லாசப் பிரயாணிகள் தேடிவருவது அந்தப் படத்துப் பாலத்தைத்தான். பூலைக் குறைகூறி நம் கடமை தீராது. ஆர். சண்முகம் 1993இல் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார், அ. ரெங்கசாமி 2005இல் ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். இரண்டும் இந்நாட்டுத் தமிழர் இந்நாட்டுத் தமிழரைப்பற்றி எழுதிய நாவல்கள். பாங்காக்குக்கும் காஞ்சனபுரிக்கும் போய்வந்து கட்டுரை தீட்டும் நம் எழுத்தாளர்களில் எத்தனைபேர் மூட்டையில் இவற்றுள் ஒன்று இருந்தது? நாவலாசிரியர் கற்பனையை நம்பி அந்தக் காட்டுக்குள் போக வேண்டியிருந்தது. பிரயாணக் கட்டுரையாளனோ நேரே போய் நின்றும் காணாமல் வருகிறான். இதைச் சோம்பல் என்றுதான் யாம் சொல்லுவோம். செட்டியார் அந்தப் பாலத்தில் நின்றிருந்தால் தண்டவாளத்தைப் போட்டது யார் என்று எவரையேனும் விசாரிக்காமல் நகர்ந்திரார்.

யான் அக்கட்டுரையைக் கிழித்துவிடவில்லை, திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களின் பெயரை வீடுவீடாய்க் கேட்டு வருகிறேன். இதுவரை பதினொன்று கிடைத்திருக்கின்றன. அவற்றுள் நான்கு பெயர்களல்ல. இன்னாருடைய அண்ணன், இன்னாருடைய மாமன் என்ற அளவிலேயே நிற்கின்றன.