காக்கியின் தமிழ்

சிறுநகரத்துப் பெண்கள் கல்லூரிகளில் காவலர் தேர்வுப் பயிற்சி இப்போது கிட்டத்தட்ட ஒரு தனித் துறை. விடியற்காலையில் மைதானத்தில் ஓட்டம். வகுப்புகள் முடிந்த பிறகு பொது அறிவு, உளவியல், தமிழ். சேர்க்கைத் துண்டறிக்கையில் விடுதி வசதிக்கும் பேருந்து வசதிக்கும் நடுவே காக்கி உடுத்திய முன்னாள் மாணவி ஒருத்தியின் படம் இருக்கும். இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அரசு வேலை என்று வாழ்த்திவிட்டு நகர்கிறோம், அல்லது போலீஸ் என்றாலே அடக்குமுறை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அந்த வகுப்பில் தமிழ் எடுப்பவள் என்ற முறையில் எனக்கு இரண்டும் போதவில்லை.

வருகிற பெண்கள் யார்? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பட்டம் முடிந்ததும் கல்யாணம் என்று நாள் குறித்துவிட்ட வீடுகளிலிருந்து வருபவர்கள். “செலக்‌ஷன் வந்துட்டா ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாம் மேடம்” என்று கணக்குப் போடுபவர்கள். தெருவில் பெயர் சொல்லிக்கூட அழைக்கப்படாத அப்பாவுக்குத் தன் சீருடையால் ஒரு மரியாதை வரும் என்று நம்புபவர்கள். இந்தக் கணக்குகளில் ஒன்றையும் நான் கேலி செய்ய மாட்டேன்.

உடல்தகுதித் தேர்வும் அப்படித்தான். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பெண்கள் 159 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 157. 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். பிறகு நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல். ‘குனிந்து நட, கையை வீசாதே’ என்று பன்னிரண்டாம் வகுப்புவரை மடித்து வைக்கப்பட்ட உடம்பு இங்கே கையை வீசக் கற்கிறது. முதல் வாரம் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஓடியவள் மூன்றாம் வாரம் டிராக் பேண்ட்டில் வருகிறாள். இதைப் பார்த்து மகிழத் தெரியாத பெண்ணியம் எனக்கு வேண்டாம்.

என் புகார் வகுப்பறையைப் பற்றியது. ‘உளவியல்’ என்று பெயர் வைத்துவிட்டு எண் வரிசையும் திசைப் புதிரும் நடத்துகிறார்கள். பாடத்திட்டமே அப்படித்தான் என்பதால் பயிற்றுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அடி வாங்கி வந்து நிற்கிற ஒருத்தியின் மனதைப் பற்றி அந்தத் தாளில் எதுவும் கிடையாது.

பொது அறிவு வழிகாட்டிகளில் பெண் போலீஸ் வரலாறு ஒற்றை வரி விடைகளாக வருகிறது. தமிழ்நாட்டில் பெண் காவலர்கள் சேர்க்கப்பட்ட ஆண்டு? 1973. முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம்? 1992, ஆயிரம் விளக்கு. மாநிலத்தின் முதல் பெண் டிஜிபி? லத்திகா சரண், 2010. ஐபிஎஸ் அதிகாரி திலகவதிக்கு 2005இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த நாவல்? கல்மரம். அது கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல் என்பதை ஒரு மாணவியாவது தெரிந்து வைத்திருப்பாளா என்று கேட்டுப் பார்த்தேன், இல்லை. எல்லாம் ‘முதல்’களின் பட்டியல். தனி மகளிர் நிலையம் ஏன் தேவைப்பட்டது, சாதாரண நிலையத்துக்குள் பெண்களுக்கு என்ன நடந்தது என்ற கேள்வி அதில் இல்லை. 1972இல் மகாராஷ்டிரத்தின் ஒரு காவல் நிலையத்துக்குள் வல்லுறவுக்கு ஆளான ஆதிவாசிச் சிறுமி மதுராவின் வழக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் அந்த இரு போலீஸ்காரர்களையும் விடுவித்ததும், நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய திறந்த மடலும், நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்ததும், 1983இல் சட்டம் திருத்தப்பட்டதும் இல்லை.

சாத்தான்குளமும் இல்லை. 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் இரவெல்லாம் அடிக்கப்பட்டதை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி. சக காவலர்கள் வெளியே நிற்கும்போது, பயந்து பயந்து சொல்லி, தயங்கித் தயங்கிக் கையெழுத்திட்டார். காக்கி உடுத்தப்போகும் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பாடம் என்ன வைக்க முடியும்? 2021இல் ஒரு பெண் எஸ்.பி., சிறப்பு டிஜிபி ஒருவர் மீது பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்கு வரும்போது வழியிலேயே கார் மறிக்கப்பட்டார். 2023இல் விழுப்புரம் நீதிமன்றம் அந்த டிஜிபிக்கு மூன்றாண்டு தண்டனை விதித்தது. எஸ்.பி.க்கே இந்தக் கதியென்றால் இரண்டாம் நிலைக் காவலர் எங்கே போவார்? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு மணி நேர வகுப்பாவது வேண்டாமா?

இனி, என் பாடம். தமிழ்மொழித் தகுதித் தேர்வு 80 மதிப்பெண். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் தமிழ்த்துறைக்குத் திடீர் மவுசு. பிரித்தெழுதுக, எதிர்ச்சொல், அடைமொழியால் குறிக்கப்பெறும் நூல். எல்லாம் கொள்குறி வினாக்கள். ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை.

ஆனால் இவர்கள் வேலைக்குப் போனதும் செய்யப்போவது எழுத்து வேலை. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண் சொல்வதைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்பது 2013இல் வந்த திருத்தம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, சொன்னவருக்கே படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். சட்டத்தில் ‘அதிகாரி’ என்று இருந்தாலும், ஸ்டேஷன் ரைட்டரின் மேசையருகே பேனாவோடு உட்காரப்போவது பல நேரங்களில் இந்தப் பெண்கள்தான்.

அந்த மேசைக்கென்று ஒரு தமிழ் உண்டு. ‘மேற்படி எதிரி’, ‘தகாத வார்த்தைகளால் திட்டி’, ‘மானபங்கம்’, ‘கற்பழிப்பு’. கடைசி இரண்டு சொற்களையும் பிரித்தெழுதச் சொன்னால் மாணவிகள் சரியாகவே பிரிக்கிறார்கள்: மானம் + பங்கம், கற்பு + அழிப்பு. பங்கமானது யாருடைய மானம், அழிந்தது எது என்று அடுத்த கேள்வி கேட்டதும் வகுப்பு அமைதியாகிறது. குற்றம் செய்தவனிடம் எதுவும் குறைவதில்லை. அவள்தான் எதையோ இழந்தவளாகப் பதிவாகிறாள். இலக்கணம் நடத்த இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு நாள் பயிற்சியாக நான் புகார்தாரராக உட்கார்ந்து பேச்சுவழக்கிலேயே சொன்னேன்: கொத்தனார் வேலைக்குச் சித்தாளாகப் போனேன், மேஸ்திரி கையைப் புடிச்சு இழுத்தான், கத்துனா கூலி கிடையாதுன்னான். அப்படியே எழுதுங்கள் என்றேன். பெரும்பாலோர் ‘மேஸ்திரி என்னிடம் தவறாக நடந்துகொண்டார்’ என்று எழுதியிருந்தார்கள். கையும் இல்லை, கூலியும் இல்லை. நீதிமன்றத்தில் நிற்கவேண்டிய இரண்டும் ‘நல்ல தமிழில்’ காணாமல் போயிருந்தன. அவமரியாதையாக இருக்கக் கூடாதென்று ‘நடந்துகொண்டார்’ என்று மரியாதை விகுதி வேறு. பேச்சுத்தமிழைக் கண்டாலே சிவப்பு மையால் சுழிக்கும் எங்கள் துறைக்கும் இதில் பங்குண்டு. ஒருத்தி மட்டும் சொன்னது சொன்னபடி எழுதிவிட்டு, “இதுல எழுத்துப்பிழை எடுப்பீங்களா மேடம்?” என்றாள்.

மறுவாரம் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லி, எழுதி, படித்துக்காட்டினார்கள். படித்துக்காட்டும்போதுதான் “நான் அப்படிச் சொல்லலையே” என்ற குரல் வந்தது. அடித்துத் திருத்தினார்கள். சிலர் மூன்று முறை திருத்தினார்கள்.

வாரத்தில் எனக்குக் கொடுத்திருப்பது ஒரு மணி நேரம். தேர்வு அறிவிக்கை வந்ததும் மாதிரித் தேர்வுகள் தொடங்கிவிடும்; அந்த ஒரு மணி நேரமும் எதிர்ச்சொல்லுக்குப் போய்விடும். அதற்குள் ‘படித்துக்காட்டுவதை’ இன்னும் இரண்டு வாரம் நடத்திவிட வேண்டும் என்று பார்க்கிறேன்.