மூன்று இசைத்தொகுப்புகளும் ஒரு யாழ்ச் சோதனையும்

எங்கள் அலிப்பூர் தேசிய நூலகத்தில் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையவர்களின் நூற்சேகரிப்பு இருப்பது அன்பர்கள் பலரும் அறிந்ததே. அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணியில் ஓர் இடம். காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன் உடனே வாசித்துவிடவில்லை. கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது நீரில் நின்று இளகிய மரம், இது வாள் பட்டது, இது இடி விழுந்தது என்று ஒதுக்குகிறான். வியாபாரியான அடியேனுக்கு இது ரொம்பப் பிடித்த கட்டம். சரக்கைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்கணும்! என்னை ஆளாக்கிய மூன்று இசைத்தொகுப்புகளையும் அவ்விதம் தட்டிப் பார்க்கிறேன்.

முதலாவது, 1963இல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம். வந்தவாசிப் பக்கம் சமணக் குடும்பத்தில் பிறந்தவன் நான். "பெருமாள் பாட்டு நமக்கு எதுக்கு?" என்று உறவினர் கேட்டபோது என் தந்தையார், "சாமி யாரோடதா இருந்தா என்ன? எழுத்து எழுத்தா எப்படி விழுது, கேளு" என்றார். வடமொழி அறியாத எனக்கே குறிலும் நெடிலும் தனித்தனியே கேட்டன. வெளியிட்ட கிராமபோன் கம்பெனிக்கு 1928 முதலே டம்டமில் தொழிற்சாலை உண்டு என்பது இவ்வூர் வந்தபின் தெரிந்தது. குறை ஒன்றுண்டு. அதையே கேட்டுப் பழகிய காதுக்கு வேறு எவர் பாடினாலும் தப்பாகப் படுகிறது. இது பாடியவர் குறையன்று; நம் காதின் குறை.

இரண்டாவது, 1986இல் இளையராஜா தந்த 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாஹுக்கும் காணிக்கையாக்கிய வாத்திய இசை, வயலின் வி.எஸ். நரசிம்மன். பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துவிடும் வீடு எங்களுடையது. இரவு நீளம். மாடிவீட்டு வங்காளப் பெரியவர் இறங்கி வந்து கூட உட்கார்ந்து கேட்பார். சொல்லே இல்லாததால் அவருக்கும் எனக்கும் நடுவே மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பாஹின் தனி வயலின் படைப்பைச் சுற்றித் தம் தந்தி வாத்தியங்களைப் பேச வைக்கும் பகுதியே இதன் சிகரம். இசை நயத்தில் மூன்றிலும் இதற்கே முதலிடம் தருவேன்.

மூன்றாவது, 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு அவர் செய்த திருவாசகம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் இங்கே வளர்ந்த என் மகளுக்காக வாங்கினேன். அப்போது அவளுக்கு வயது பதினான்கு. வாத்தியங்கள் ஓங்கும் இடங்களில் சொல் அமுங்கிப் போகிறது. "அப்பா, இப்ப என்ன சொன்னாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இடையில் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் மட்டும் அவளுக்குச் சட்டென்று புரிந்தன. எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. சீவகன் ஒதுக்கிய யாழ் மாதிரி இதையும் தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆனால் அவள் கேள்விக்கு விடை சொல்லப் புத்தகத்தை எடுக்க வேண்டியதாயிற்று. நான் விரல் வைத்துப் படிக்க, அவள் கேட்டாள். கேட்டவள் பிறகு எழுத்துக்கூட்டினாள். ஆறே பாடல்கள்தான், முடிக்க ஒரு மழைக்காலம் ஆனது. தெளிவாகக் கேட்ட சுப்ரபாதம்கூட எங்கள் வீட்டில் செய்யாத வேலை இது.

ஆகவே, குழந்தைகளுக்கு இத்தொகுப்பைப் போடும் அன்பர்கள் பக்கத்தில் மூலநூலையும் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.