மில்டன் போற்றிய சுதந்திரம்

ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டனைச் சுதந்திரத்தின் காவலர் எனப் போற்றுவோர் பலர். அப்புகழ் முழுவதும் அவருக்கு உரியதுதானா என்பதை நாம் சற்று ஆராய்தல் வேண்டும்.

முன் அனுமதியின்றி நூல்கள் அச்சேறக் கூடாதென 1643இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஆணையிட்டது. அதனைக் கண்டித்து 1644இல் 'அரியோபஜிட்டிகா' என்னும் உரைநடை நூலை எழுதிய மில்டன், அதையே அனுமதி பெறாது வெளியிட்டார். தீமையை அறிந்து விலக்குபவனே நல்லவன். அதைக் காணவொட்டாது அடைத்து வைக்கப்பட்டவனின் ஒழுக்கம் சோதிக்கப்படாத ஒழுக்கமே என்பது அவர் வாதம்.

பார்வையிழந்த நிலையில் அவர் சொல்லப் பிறர் எழுத, 1667இல் வெளிவந்த 'இழந்த சொர்க்கம்' காவியத்திற்கும் இக்கருத்தே உயிர்நாடி. அதில் அவர் காட்டும் ஆதம் விதியின் கைப்பாவை அல்லர். தவிர்க்கும் ஆற்றல் இருந்தும் தாமே தேர்ந்ததால்தான் அவர் செய்தது பிழையாகிறது.

ஆயினும், அதே 'அரியோபஜிட்டிகா'வில் கத்தோலிக்கருக்கு அவ்வுரிமையை அவர் மறுத்தார். 1651இல், குடியரசின் பணியாளராயிருந்தபோது, செய்தித்தாளொன்றுக்கு அனுமதி வழங்கும் தணிக்கையாளராகவும் அமர்ந்தார். 1660இல் மன்னராட்சி மீண்டபோது அவருடைய நூல்களே தீக்கிரையாயின, அவரும் சிறைப்பட்டார்.

இதனால் காவியத்தின் பெருமை குன்றிவிடாது. மனிதன் அறிந்தே பிழை செய்வான் எனப் பாடிய கவிஞர், தம் வாழ்வாலும் அதற்குச் சான்றானார். தமக்கு வேண்டிய சுதந்திரத்தை யாரும் போற்றுவர். தமக்கு உடன்பாடில்லாதவருக்கும் அதனை வழங்க ஒருப்படுவதே உண்மையான சோதனை என்பதை நாம் அவரிடம் இவ்விரு வழியாலும் கற்கின்றோம்.