விசுவாசமும் பிழைப்பும்: இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து ஒரு சொற்பொருள் நோக்கு

திறவுச்சொற்கள்: விசுவாசம், பிழைத்தல், நிதானம், விவிலிய மொழிபெயர்ப்பு, இரட்சணிய யாத்திரிகம்

முன்னுரை

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களைச் சுற்றியே அமைகின்றன. ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ நூலுக்கு அக்காப்பியம் எந்த அளவு கடன்பட்டுள்ளது என்பது ஒன்று. கம்பனின் நடையை எந்த அளவு தழுவியுள்ளது என்பது மற்றொன்று. இவை தேவையான வினாக்களே. எனினும், இவற்றோடு நின்றுவிடும்போது காப்பியத்தின் உயிர்நாடியான வினா விடுபட்டுப் போகிறது. கிறித்தவர் ஒருவர் விசுவாசத்தால் வாழ்வது என்பதன் பொருள் யாது என்பதே அவ்வினா. தமிழ் விவிலியத்தின் ஒரு சொல்லாட்சியைத் துணைக்கொண்டு அதற்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

‘பிழை’ என்னும் வினை

விசுவாசத்தால் நீதிமான் வாழ்வான் என்னும் கருத்து ஆபகூக்கு 2:4இல் தோன்றி, உரோமர் 1:17, கலாத்தியர் 3:11, எபிரேயர் 10:38 ஆகிய இடங்களில் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வழங்கும் பழைய திருப்புதல் இவ்விடங்களில் ‘பிழை’ என்னும் வினையைக் கையாளுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விசுவாசம் என்பதற்கு ‘நம்பிக்கை’ என்றும், பிழைத்தல் என்பதற்கு ‘வாழ்வு’ என்றும் சொற்களை மாற்றிக்கொண்டது. தெளிவு கருதிய மாற்றம் இது. ஆயினும் இதனால் ஓர் இழப்பும் நேர்ந்துள்ளது.

தமிழில் ‘பிழை’ என்பது பொருட்செறிவுடைய சொல். சாவினின்று தப்புதல், உயிர்வாழ்தல், தொழில் செய்து காலங்கழித்தல், தவறு செய்தல் ஆகிய நான்கும் அதன் பொருள்களே. நோயாளி பிழைத்தார் என்கிறோம். ஊர்விட்டு ஊர் பிழைக்கப் போனார் என்கிறோம். திருக்குறளின் 90ஆம் அதிகாரமோ ‘பெரியாரைப் பிழையாமை’ எனத் தவறுதற்பொருளில் அச்சொல்லை ஆள்கிறது. ஆகவே விசுவாசத்தால் பிழைத்தல் என்னும் தொடரைத் தமிழ்க் காதால் கேட்பவருக்கு, ஆபத்தினின்று தப்புதலும் அன்றாடப் பாட்டைக் கடத்தலும் ஒருசேர நினைவுக்கு வரும். தவறக்கூடியவன் என்னும் குறிப்பும் அதன் அடியில் ஒலிக்கும். மொழிபெயர்ப்பாளர்கள் இவையனைத்தையும் எண்ணியே அச்சொல்லைத் தேர்ந்தனர் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. சொல் தேரப்பட்ட பின் அது தன் மொழியின் நினைவுகளையும் உடன் கொண்டுவருகிறது என்பதே கருத்து.

மூலத்தின் பின்புலம்

ஆபகூக்கின் நூல் ஒரு முறையீட்டில் தொடங்குகிறது. கொடுமை ஏன் தண்டிக்கப்படாமல் இருக்கிறது என இறைவாக்கினர் வினவுகிறார். கல்தேயரின் படையெடுப்பு வருகிறது என்பதே அவர் பெறும் விடை; அது ஆறுதல் தரும் விடையன்று. தரிசனம் நிறைவேறக் காத்திருக்க வேண்டிய இவ்விடைவெளியில்தான் விசுவாசம் பற்றிய கூற்று இடம்பெறுகிறது. அங்குள்ள எபிரேயச் சொல் ‘எமுனா’. யாத்திராகமம் 17:12இல், பிறர் தாங்கிப் பிடித்ததால் மோசேயின் கைகள் சூரியன் மறையும்வரை தளராதிருந்த நிலையைக் குறிப்பதும் இதே சொல்லே. எனவே அதன் வேர்ப்பொருள் கோட்பாடு ஒன்றை ஒப்புக்கொள்ளுதலைவிட நிலைதளராமைக்கு நெருக்கமானது. மோசே தனித்து நின்று அந்நிலையைக் காக்கவில்லை என்பதும் கருதத்தக்கது.

ஆபகூக்கின் இறுதி அதிகாரம் விளைச்சலும் மந்தையும் அற்றுப்போன நிலையிலும் இறைவனில் மகிழ்வதைப் பேசுகிறது. தமிழில் சொல்வதாயின், பிழைப்புக்கு வழியில்லாதபோதும் பிழைத்தல் அது.

காப்பியத்தில் விசுவாசம்

பனியனின் கதையில் பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. ஆனால் கதை அங்கு முடிவதில்லை. அப்பொல்லியனுடன் போர், சாவின் நிழல் பள்ளத்தாக்கு, மாயச் சந்தை, ஐயக் கோட்டை ஆகிய பெருந்துன்பங்கள் அதன் பின்னரே வருகின்றன. ஐயக் கோட்டையில் சிறைப்பட்ட பயணி, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் நெஞ்சருகிலேயே இருந்ததைப் பல நாள்கள் மறந்திருக்கிறான். விசுவாசி தவறுகிறான், தவறியும் தப்புகிறான். ‘பிழை’ என்னும் வினையின் இரு பொருள்களும் இங்கு ஒரே மனிதனிடம் கூடுகின்றன.

கிருஷ்ண பிள்ளை இக்கதையை அப்படியே பெயர்க்கவில்லை. ‘நற்போதகம்’ இதழில் தொடராக வந்து 1894இல் நூலான இக்காப்பியம் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பட்டுள்ளது. குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை இரட்சணிய சரிதப் படலமாக அவர் விரித்துரைக்கிறார். பனியனிடம் இத்தகைய தனிப்பகுதி இல்லை. இடையிடையே தேவாரம் எனப் பெயரிட்டு இசைப்பாடல்களையும் அமைக்கிறார். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற கவிஞருக்கு, விசுவாசம் என்பது ஒருவர்பால் கொள்ளும் பற்றாகவும் பாடலாகவும் வடிவெடுப்பது இயல்பே. இச்சேர்க்கைகளை அணிநலனாக மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது. எதை நம்புவது என்னும் வினாவை யாரை நம்புவது என்று அவை மாற்றிவிடுகின்றன.

மூன்றாம் பருவத்தின் பெயரும் கருதத்தக்கது. ‘நிதானம்’ என்பது தமிழ் வழக்கில் பதற்றமின்மையையும் நிலைதவறாமையையும் உணர்த்தும். கவிஞர் எபிரேயச் சொல்லை மனத்திற்கொண்டே இப்பெயரிட்டார் எனக் கூறச் சான்றில்லை. எனினும் எமுனாவின் பொருளுக்கு விசுவாசம், நம்பிக்கை ஆகிய சொற்களைவிட இது அணுக்கமாக உள்ளது.

ஒரு மறுப்பு

பிழைத்தலை வற்புறுத்துவது விசுவாசத்தைத் தன்னுயிர் காக்கும் தந்திரமாகச் சுருக்கிவிடாதா என்னும் மறுப்பு எழலாம். பனியனின் பயணி மனைவி மக்களின் அழைப்புக் கேளாதவாறு காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுவது இம்மறுப்புக்கு வலுவூட்டும். 1684இல் வந்த இரண்டாம் பகுதியில் அம்மனைவியும் மக்களும் அதே வழியில் பயணம் மேற்கொள்வது இக்குறையைப் பனியனே ஓரளவு ஈடுசெய்ததைக் காட்டுகிறது. அக்குறை முற்றிலும் நீங்கிவிட்டதாகக் கொள்ள இயலாது.

ஆயினும் கதைக்குள்ளேயே வலுவான மறுமொழி ஒன்றும் உண்டு. விசுவாசம் என்பதையே பெயராகக் கொண்ட பயணி மாயச் சந்தையில் கொல்லப்படுகிறான். அவனுக்கு உடற்பிழைப்பு வாய்க்கவில்லை. அதே சமயம், பேச்சில் மட்டும் பக்தி காட்டும் பாத்திரத்திடம், செயலற்ற விசுவாசம் பொய் என்று நேர்நின்று உரைப்பவனும் அவனே. ஆக, விசுவாசத்தால் பிழைத்தல் என்பது எவ்வகையிலேனும் உயிர் தப்புதலன்று. இழப்பு நேரினும் உண்மையினின்று பிழையாதிருத்தலாகும்.

முடிவுரை

விசுவாசத்தால் வாழ்தல் ஐயமற்ற நிலையோ, ஒருமுறை பெற்று முடித்த உரிமையோ அன்று; தவறியும் எழுந்தும், பிறர் தாங்கத் தளராது நடக்கும் அன்றாட ஒழுக்கமாகும். இரட்சணிய யாத்திரிகம் இப்பொருளைப் பயண வடிவிலும் பாடல் வடிவிலும் நிறுவுகிறது. அதனை வழிநூல் என்றோ கம்பநடைக் காப்பியம் என்றோ வகைப்படுத்தி அமைவதைவிட, விசுவாசம் என்னும் சொல்லுக்குத் தமிழில் எழுந்த நீண்ட உரையாகப் பயில்வது ஆய்வுக்குப் புதிய தடம் அமைக்கும். பழைய திருப்புதலின் சொற்களை வழக்கொழிந்தவை என ஒதுக்குமுன், அவை எவற்றை நினைவில் வைத்திருக்கின்றன என்பதையும் ஆராய்தல் வேண்டும்.